கவாத்துக் கத்தரியும் அறுபது யூனிட்டும்

ஜனவரியில் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களில் ஓர் இலைகூட இருக்காது. கம்பியில் சுற்றிக் கிடக்கும் பழுப்புக் கொடிகள்தான். காலையில் மூடுபனி தரையோடு படுத்திருக்கும், பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாது. அங்கே கவாத்து நடக்கும் மாதம் அது. தாம்ப்சன் சீட்லெஸ் என்ற விதையில்லாத் திராட்சை ரகத்தில் கிளையின் அடிப்பகுதிக் கண்கள், அதாவது துளிர்விடும் மொட்டுகள், காய்க்காது. அதனால் குட்டையாக வெட்டிவிட முடியாது. ஒரு கொடிக்கு நாலைந்து நீளக் கிளைகளை, கிளைக்குப் பதினைந்து கண் வருகிற மாதிரி விட்டுவிட்டு மீதியை எல்லாம் கழிக்க வேண்டும். எதை விடுவது, எதை வெட்டுவது என்பதில்தான் அடுத்த ஆண்டு மகசூல் இருக்கிறது.

அந்தத் தோட்டத்தில் பத்து வருஷம் கவாத்துச் செய்த தொழிலாளிக்கு இது கையிலேயே இருக்கும். பென்சில் கனம், நல்ல பழுப்பு நிறம், வெயில் பட்டு வளர்ந்த கிளை என்று கை தானாகத் தேடிப் பிடிக்கும். இப்போது அவருடைய மகன் பக்கத்து ஊர்க் கம்யூனிட்டி காலேஜில், அதாவது எவரும் சேரக்கூடிய இரண்டாண்டுக் கல்லூரியில், திராட்சைச் சாகுபடி வகுப்பில் சேர்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒரு கண்ணைக் கிளையிலிருந்து எடுத்து, பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, உருப்பெருக்கியின் கீழே வைக்கிறார். பச்சையான திசுவுக்குள் ஊசிமுனை அளவில், இன்னும் பிறக்காத ஒரு திராட்சைக் குலையின் அச்சு தெரிகிறது. போன கோடையிலேயே அது உருவாகிவிட்டது. அந்தக் கிளைமீது அப்போது வெயில் விழுந்திருந்தால் குலை உண்டு. நிழலில் மறைந்து கிடந்திருந்தால் அந்தக் கண் வெறும் இலையைத்தான் விடும். அப்பாவின் கை ஏன் பழுப்புக் கிளையைத் தேடியது என்பது மகனுக்கு அந்த நிமிஷத்தில் விளங்கிவிடுகிறது.

கம்யூனிட்டி காலேஜில் விவசாயம் படிப்பது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். கை அறிந்ததை அங்கே கண் அறிகிறது. அது மட்டும் என்றால் நல்ல பயிற்சி முகாம் ஒன்றே போதும். ஆனால் அந்த மகன் உருப்பெருக்கியில் பார்த்ததற்கு மூன்று யூனிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு, கிடைக்கிறது. அந்த மூன்று யூனிட்டைப் பிறகு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜின் உயிர் இருப்பது இந்த இடத்தில்.

கூலிக்காரர் வீட்டுக்கு எட்டும் கல்லூரி

நம் ஊர் வழக்கில் 'கல்லூரி' என்றால் மார்க் வேண்டும், கட்-ஆஃப் வேண்டும், கலந்தாய்வு வேண்டும். இதில் அப்படி இல்லை. கலிபோர்னியா 1960இல் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடித்தவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு. முதல் மூன்றில் ஒரு பங்கினர் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற இன்னொரு அமைப்புக்கு. படிக்கக்கூடிய எவரும் கம்யூனிட்டி காலேஜுக்கு. பதினெட்டு வயதானால் பள்ளி முடிக்காதவர்கூடச் சேரலாம். இன்று அந்த மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. படிக்கிறவர்கள் ஏறக்குறைய இருபது லட்சம் பேர்.

கட்டணம் மாநிலத்தில் குடியிருப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டாண்டு அசோசியேட் டிகிரிக்கு 60 யூனிட் வேண்டும். கணக்குப் போட்டால் 2,760 டாலர். இதோடு ஒப்பிட, டேவிஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், உலகப் பெயர் பெற்ற அந்த வேளாண் கல்விக்கூடத்தில், மாநில மாணவருக்கே ஓர் ஆண்டுக் கட்டணம் 14,000 டாலருக்கு மேல். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அந்த 46 டாலரும் தள்ளுபடி. முதன்முறையாக முழுநேரம் படிக்க வருகிறவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளிவிடவும் 2017, 2019 சட்டங்கள் வழி செய்திருக்கின்றன. முறையான குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைகளும், மாநிலத்திலேயே மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளி படித்து முடித்திருந்தால், 2001இல் வந்த சட்டப்படி மாநிலக் கட்டணத்திலேயே படிக்கலாம். கலிபோர்னிய வயல்களில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், அவர்களில் ஆவணம் இல்லாதவர்கள் ஏராளம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் கனம் புரியும். வெளிநாட்டிலிருந்து விசாவில் போகிறவருக்கு இது பொருந்தாது. அவர் யூனிட்டுக்குச் சில நூறு டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போக நினைக்கும் மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

இத்தகைய கல்லூரிகளின் கதை 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்குகிறது. அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆறு மாணவர்களை வைத்துக் கல்லூரிப் பாடத்தின் முதல் இரண்டு ஆண்டை நடத்தினார்கள். 'ஜூனியர் காலேஜ்' என்று பெயர். கலிபோர்னியாவில் 1910இல் ஃப்ரெஸ்னோ தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் உயர்கல்வி நிறுவனமே இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 1920இல் சலினாஸ், 1921இல் மொடெஸ்டோ, 1926இல் ரீட்லியும் வைசேலியாவும் வந்தன. பெயர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். எல்லாம் கீரை, திராட்சை, பீச், பால் விளைகிற ஊர்கள். மத்திய அரசு தந்த நிலத்தின் வருவாயில் எழுந்த நிலமானியப் பல்கலைக்கழகங்களுக்கு லிங்கன் 1862இல் மோரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொண்டன. 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் உயர்நிலைப் பள்ளியில் விவசாயத் தொழிற்கல்விக்குப் பணம் கொடுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை ஜூனியர் காலேஜ்கள்தான் நிரப்பின. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் 1947 அறிக்கை 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற சொல்லைப் பரவலாக்கியது.

பாடம் என்று பார்த்தால் மண், பயிர், கால்நடை, பாசனம், விவசாயக் கணக்கு, பூச்சி மேலாண்மை எல்லாம் உண்டு. வெல்டிங்கும் டிராக்டர் ஹைட்ராலிக்ஸும் அதே துறையில்தான். ரீட்லி கல்லூரிக்கென்று சொந்தப் பண்ணை இருக்கிறது. நாட்டிலேயே பால் உற்பத்தியில் முன்னணியில் நிற்கிற துலேர் மாவட்டத்தில், பசுவுக்குச் சினை ஊசி போடுவது ஒரு வகுப்பு. தோள் வரை உறை மாட்டிக்கொண்டு, கையை உள்ளே விட்டுக் கருப்பை வாயைத் தடவிப் பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொள்ள முடியும்.

மண் வகுப்பில் முதல் வாரம் நடப்பதை நம் ஊர் விவசாயி பார்த்தால் சிரித்துத் தலையாட்டுவார், அவருக்குத் தெரிந்ததுதான். ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரி பிதுக்குகிறார்கள். ஒரு அங்குலத்துக்குள் ஒடிந்தால் களி குறைவு. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஒடியாமல் நீண்டால் நல்ல களிமண். நறநறவென்றால் மணல். மாவு மாதிரி வழுக்கினால் வண்டல். இப்படி விரலால் சொன்ன விடை சரியா என்று பிறகு ஆய்வகத்தில் தண்ணீர்க் குடுவையில் மண்ணைக் கலக்கி, படிய விட்டு, அளந்து சரிபார்க்கிறார்கள். விரலைத் திருத்திக்கொண்டே போகும் படிப்பு இது.

சலினாஸ்: குனிந்த முதுகு நிமிர்ந்த கதை

கடலோரமாக இருக்கும் சலினாஸ் பள்ளத்தாக்கை அமெரிக்காவின் கீரைக் கிண்ணம் என்பார்கள். லெட்டூஸ், ஸ்ட்ராபெரி, ப்ரோக்கலி. இங்கே லெட்டூஸ் நாற்றைக் கலைக்கவும் களை எடுக்கவும் ஒரு கருவி இருந்தது. 'எல் கொர்த்திதோ' என்று ஸ்பானிய மொழியில் சொல்வார்கள், 'குட்டையானது' என்று பொருள். கைப்பிடி ஓரிரு அடிதான். நம்மூர்க் களைக்கொத்து மாதிரி. அதைப் பிடித்து வேலை செய்ய நாள் முழுக்க இடுப்பு மடங்கியே இருக்க வேண்டும். நீளக் கைப்பிடி வைத்தால் பயிர் வெட்டுப்படும் என்று பண்ணைக்காரர்கள் வாதாடினார்கள். ஆனால் குட்டைக் கைப்பிடியில் இன்னொரு வசதியும் இருந்தது. நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்று மேஸ்திரிக்கு வரப்பிலிருந்தே தெரிந்துவிடும். முதுகெலும்பு தேய்ந்து முப்பது நாற்பது வயதில் முடங்கிப்போனவர்கள் பலர். தொழிலாளர் சார்பில் வழக்கறிஞர்கள் போராடி, மருத்துவர்கள் சாட்சி சொல்லி, கலிபோர்னியாவில் 1975இல் அந்தக் கருவிக்குத் தடை வந்தது. தடைக்குப் பிறகு லெட்டூஸ் விளைச்சல் ஒன்றும் அழிந்துபோகவில்லை.

எங்கள் பக்கத்தில் இன்றும் பெண்கள் களைக்கொத்தோடு குனிந்துதான் வேலை செய்கிறார்கள். அந்தத் தடையைப் பற்றி எப்போது படித்தாலும் அவர்கள் முதுகுதான் எனக்கு முன்னால் வருகிறது.

1920இல் தொடங்கிய அந்தச் சலினாஸ் ஜூனியர் காலேஜ்தான் இன்றைய ஹார்ட்னெல் கல்லூரி. அதன் விவசாயத் துறை நகரின் கிழக்கே, அலிசால் பகுதியில் இருக்கிறது. பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் பகுதி அது. துறையை அங்கே வைத்ததை நான் பெரிய முடிவாகப் பார்க்கிறேன். லெட்டூஸ் வெட்டிவிட்டு வரும் அம்மா மகளை வகுப்புக்கு அனுப்ப பஸ் தேட வேண்டியதில்லை.

அந்த மகள் என்ன படிக்கிறாள்? பல பேர் தேர்ந்தெடுப்பது உணவுப் பாதுகாப்பு. அதற்கு ஒரு காரணம் உண்டு. 2006இல் பக்கத்து சான் பெனிட்டோ மாவட்டத்தில் விளைந்த பசலைக்கீரையில் ஈ.கோலை ஓ157 கிருமி கலந்து, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சுமார் 200 பேர் நோயுற்றார்கள். சிலர் இறந்தார்கள். நாடு முழுக்கக் கடைகளில் பசலைக்கீரையைக் குப்பையில் கொட்டினார்கள். மறு ஆண்டே கீரை விளைவிப்போருக்கான ஒப்பந்த விதிமுறை வந்தது. பாசன நீரைச் சோதிக்க வேண்டும். மாட்டுத் தொழுவத்துக்கும் வயலுக்கும் இடையே தூரம் விட வேண்டும். காட்டுப்பன்றி வந்து போன தடம் இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி அறுவடை கூடாது. எந்தப் பெட்டி எந்த வயலில் எந்த நாளில் வெட்டியது என்று பதிவு இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்கவும் எழுதவும் ஆள் வேண்டுமே! அறுவடைக் குழுவோடு ஸ்பானிய மொழியில் பேசத் தெரிந்து, தணிக்கையாளரோடு ஆங்கிலத்தில் பேசத் தெரிந்து, நீர் மாதிரியை எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்கத் தெரிந்த ஆள். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு முதல் இரண்டு தகுதியும் வீட்டிலேயே வந்துவிடும். மூன்றாவதைக் கல்லூரி கொடுக்கிறது. அம்மா குனிந்து வெட்டிய அதே வயலில் மகள் கையில் பதிவேட்டோடு நிற்கிறாள், 'இன்றைக்கு இந்தப் பாத்தியில் அறுவடை வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரத்தோடு.

பூச்சிமருந்து விஷயத்திலும் இப்படித்தான். கலிபோர்னியாவில் விவசாயப் பயிருக்கு இன்ன மருந்தை இன்ன அளவில் அடி என்று தொழிலாகப் பரிந்துரைப்பவர் உரிமம் பெற்ற ஆலோசகராக இருக்க வேண்டும், பரிந்துரையை எழுத்தில் தர வேண்டும். அந்த உரிமத் தேர்வு எழுதக் கேட்கும் பாடங்களில் ஒரு பகுதியைக் கம்யூனிட்டி காலேஜிலேயே முடிக்கலாம். நம் ஊரில் வாடிய இலையைக் கையில் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறோம், கடைக்காரர் சொல்வதுதான் பரிந்துரை. அதை உணர்ந்துதான் இந்தியாவிலும் 2003 முதல் இடுபொருள் விற்பவர்களுக்கென்று வாரம் ஒரு நாள் வகுப்பாக ஓராண்டு டிப்ளமோ நடக்கிறது.

தண்ணீர்க் கணக்கு

கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் மெண்டோட்டாவுக்குப் பக்கத்தில் எடுத்த ஒரு புகைப்படம் விவசாயம் படிக்கிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டியது. 1977இல் நிலவியலாளர் ஜோசப் போலந்து ஒரு கம்பத்தின் அடியில் நிற்கிறார். அவர் தலைக்கு மேல் எங்கோ உயரத்தில் '1925' என்று ஒரு பலகை. நடுவில் '1955'. காலடியில் '1977'. தரை மட்டம் அந்த ஆண்டுகளில் எங்கே இருந்தது என்பதைக் காட்டும் பலகைகள் அவை. ஆழ்குழாயில் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அடியில் இருந்த களி அடுக்குகள் நசுங்கி, அரை நூற்றாண்டில் நிலமே ஏறத்தாழ ஒன்பது மீட்டர் கீழே போயிருக்கிறது.

நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் சட்டம் கலிபோர்னியாவில் 2014இல்தான் வந்தது. மிக மோசமாக உறிஞ்சப்பட்ட வட்டாரங்கள் 2040க்குள் எடுப்பதும் ஊறுவதும் சரிசமமாக வரும்படி செய்ய வேண்டும். அதற்காக நடுப் பள்ளத்தாக்கின் தென்பகுதியான சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் மட்டும் குறைந்தது 5 லட்சம் ஏக்கரைத் தரிசாக விட வேண்டியிருக்கும் என்பது கலிபோர்னியா பொதுக்கொள்கை நிறுவனத்தின் மதிப்பீடு. ஆகவே அங்கே பாசன வகுப்பு இன்று ஒரு விருப்பப் பாடம் போல நடப்பதில்லை. 1982 முதல் மாநிலம் முழுக்க நிறுவிய வானிலை நிலையங்கள் தினமும் சொல்லும் நீராவிப் போக்கு அளவை, அதாவது மண்ணும் பயிரும் ஆவியாக இழக்கும் நீரின் அளவை, எடுத்து, பயிரின் வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கி, இன்று பாதாம் மரத்துக்கு எத்தனை மணி நேரம் சொட்டுநீர் விட வேண்டும் என்று மாணவர்கள் கணக்கிடுகிறார்கள். பிறகு வயலுக்குப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு சிறு டப்பா, ஒரு கடிகாரம். குழாயின் தலையில், நடுவில், கடைசியில் சொட்டுவாய்க்குக் கீழே டப்பாவை வைத்து நிமிஷத்துக்கு எவ்வளவு சேர்கிறது என்று அளக்கிறார்கள். தலைப்பக்கத்தில் விழுவதில் பாதிதான் கடைசியில் விழுகிறது என்று தெரிந்தால், கடைசி மரத்துக்காக முதல் மரத்தை மூழ்கடித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். நம் ஊரில் மானியத்தில் சொட்டுநீர் போட்ட பலரும் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். செலவு ஒன்றும் இல்லை.

இனி குறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறை பெரியது. கம்யூனிட்டி காலேஜுக்கு இரண்டு வாசல் என்று சொல்வார்கள். ஒன்று வேலைக்கு, இன்னொன்று பல்கலைக்கழகத்துக்கு. இரண்டாவது வாசலில் நெருக்கடி. அமெரிக்கா முழுக்கப் பார்த்தால் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார். ஆறு ஆண்டுக்குள் இளங்கலைப் பட்டம் வாங்குபவர் ஏறக்குறைய ஆறில் ஒருவர். ஒரு கல்லூரியின் மண்ணியல் பாடத்தை இன்னொரு பல்கலைக்கழகம் 'சமம் இல்லை' என்று ஒதுக்கினால் அந்த ஒரு பருவம் வீண். இதைச் சரிசெய்யத்தான் கலிபோர்னியா 2010இல் மாறுதலுக்கான அசோசியேட் பட்டம் என்று ஒன்றைச் சட்டமாக்கியது. அந்த 60 யூனிட்டை முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் எங்காவது இடம் உறுதி, மேலும் 60 யூனிட்டில் பட்டம். ஆனால் 'எங்காவது' என்ற சொல் இருக்கிறதே, அது கேட்ட கல்லூரியாக இருக்க வேண்டியதில்லை. வீட்டை விட்டு நகர முடியாத பிள்ளைக்கு முன்னூறு மைல் தள்ளிக் கிடைக்கும் இடம் கிடைக்காத இடம்தான்.

இன்னொரு நெருக்கடி நாட்காட்டியில் இருக்கிறது. வகுப்பு ஆகஸ்ட் நடுவில் தொடங்கும். உலர்திராட்சைக்குக் குலை வெட்டி, வரிசைகளுக்கு நடுவே காகிதத்தில் பரப்பிக் காய வைப்பது ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி வரும் வாரங்கள் அவை. மழை வந்துவிட்டால் எல்லாம் போச்சு என்பதால் அந்த வாரங்களில் எல்லாக் கைகளும் வேண்டும். சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்த மாணவன் வகுப்பா வயலா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மாலை வகுப்பும் குறும்பருவ வகுப்பும் ஓரளவு உதவுகின்றன, முழுக்க அல்ல.

அமெரிக்காவின் 2022 வேளாண் கணக்கெடுப்பில் விவசாயிகளின் சராசரி வயது 58.1. அடுத்து யார் செய்யப்போகிறார்கள் என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. நிலத்தின் விலையைப் பார்த்தால், தொழிலாளியின் பிள்ளை டிகிரி வாங்கியதும் பண்ணை வாங்கிவிடுவான் என்று யாரும் சொல்ல முடியாது. பண்ணையை நடத்துகிற, தண்ணீரை அளக்கிற, மருந்தை முடிவு செய்கிற வேலைகள்தான் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வந்திருக்கின்றன.

சமுதாயக் கல்லூரி (கம்யூனிட்டி காலேஜ்) என்ற எண்ணம் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தபோது முதலில் இறங்கிய ஊர் புதுச்சேரி, 1995இல். அடுத்த ஆண்டு சென்னையில் தொடங்கியது. தையல், கணினி, நோயாளி பராமரிப்பு என்று நகரத்து வேலைகளுக்கான படிப்புகளே பெருகின, விவசாயம் அதிகம் வரவில்லை. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையமும் அதே புதுச்சேரியில்தான், 1974இல், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. உழவருக்கு வயலில் வைத்துக் கற்றுக்கொடுக்கும் நிலையமும், விளிம்பில் இருப்பவருக்குக் கதவு திறக்கும் கல்லூரியும் ஒரே ஊரில் முளைத்தன, ஆனால் தனித்தனியாகவே வளர்ந்தன. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு ஆண்டில் ஐந்து மகசூல் வரை எடுக்கும் பன்னீர் திராட்சைக்குக் கவாத்துச் செய்கிறவர்களுக்கு எந்தக் கிளையில் குலை வரும் என்று ஃப்ரெஸ்னோக்காரருக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும். அந்தக் கம்பத்துக்காரர் வீட்டுப் பெண் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எடுத்தால் சான்றிதழ் ஒன்று கிடைக்கும். அதைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டலாம். கோயம்புத்தூரில் பி.எஸ்சி. விவசாயத்துக்குப் போகும்போது அதற்கு ஒரு யூனிட்கூடக் கழிக்க மாட்டார்கள். அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் கட்-ஆஃப் வந்தால்.